முக்கோணத்துக்கு முன்னால் வட்டம்

9ஆம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முக்கோணவியல் பாடத்தில் ஒரு சிறிய அட்டவணை உண்டு. 0°, 30°, 45°, 60°, 90° என்று ஐந்து கோணங்கள் ஒரு பக்கம். சைன், கொசைன், டேன்ஜென்ட் முதலான ஆறு விகிதங்கள் இன்னொரு பக்கம். தமிழ்நாட்டில் உயர்நிலைப் பள்ளியைத் தாண்டிய எல்லோரும் ஏதோ ஒரு காலத்தில் அதை மனப்பாடம் செய்தவர்கள்தான். அந்த அட்டவணைக்குச் சில பக்கங்கள் முன்னால் சைன் என்றால் என்ன என்று அதே பாடம் வரையறுக்கிறது: செங்கோண முக்கோணத்தில் எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் வருவது சைன். இந்த வரையறையை அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செங்கோண முக்கோணத்தின் ஒரு மூலையில் 90° ஏற்கெனவே இருக்கிறது. இன்னொரு மூலையிலும் 90° வைத்தால் மூன்றாவது மூலைக்கு மிஞ்சுவது பூஜ்யம். இரண்டு பக்கங்கள் இணைகோடுகளாகிச் சந்திக்காமலே போய்விடும். 0° என்றால் எதிர்ப்பக்கம் என்று ஒன்றே இருக்காது. ஆக, அட்டவணையில் உள்ள ஐந்து கோணங்களில் இரண்டுக்கு, அந்த வரையறை கேட்கிற முக்கோணமே கிடையாது. ஆனாலும் சைன் 90° என்பது 1 என்று மாணவர்கள் எழுதுகிறார்கள், மதிப்பெண்ணும் பெறுகிறார்கள். எப்படி வந்தது அந்த 1 என்று கேட்கும் மாணவிக்கு முக்கோணத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நேரான பதில் சொல்ல முடியாது.

இரண்டு ஆண்டு கழித்து 11ஆம் வகுப்பில் அதே சைன் வேறொரு உருவத்தில் வருகிறது. இப்போது ஓரலகு வட்டம், கால்பகுதிகள், 120°, 210°, எதிர்க்குறிக் கோணங்கள். முன்பு படித்ததற்கும் இதற்கும் என்ன உறவு என்பது பல மாணவர்களுக்குப் பிடிபடுவதில்லை. எந்தக் கால்பகுதியில் எது மிகைக்குறி என்பதை நினைவில் வைக்க ‘ஆல் சில்வர் டீ கப்ஸ்’ என்ற வாய்ப்பாடு கைக்கு வருகிறது. மனப்பாடம் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கண்ணால் பார்த்தாலே தெரிகிற ஒன்றுக்கு வாய்ப்பாடு தேவைப்படுகிறது என்றால், பார்க்க வேண்டிய படத்தை நாம் காலத்தில் காட்டவில்லை என்றுதான் பொருள். முக்கோணவியல் விகிதங்களின் சொந்த வீடு வட்டம். செங்கோண முக்கோணம் அந்த வீட்டின் ஓர் அறை. பிள்ளைகளை முதலில் வீட்டுக்குள் அழைத்துப் போக வேண்டும் என்பதே இன்று நான் முன்வைக்கும் வாதம்.

படத்தை முதலில் வரைந்துவிடுவோம். மில்லிமீட்டர் கட்டங்கள் உள்ள வரைபடத்தாளில் இரண்டு அச்சுகளைப் போட்டு, ஆதிப்புள்ளியை மையமாக வைத்து 10 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் வரையுங்கள். அந்த 10 செ.மீ.தான் நமக்கு ஓரலகு. ஒரு மில்லிமீட்டர் 0.01 ஆகும். கிடை அச்சின் வலப்பக்கத்தில் வட்டம் வெட்டுகிற இடத்திலிருந்து ஒரு புள்ளி புறப்பட்டு, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வட்டத்தின்மேல் நகர்வதாகக் கொள்வோம். மையத்தைச் சுற்றி அது எவ்வளவு திரும்பியிருக்கிறதோ அதுவே கோணம். அந்த நிலையில் கிடை அச்சிலிருந்து அதன் உயரம் சைன். செங்குத்து அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அது கொசைன். அவ்வளவுதான் வரையறை. புறப்பட்ட இடத்தில் உயரம் இல்லை, எனவே சைன் 0° பூஜ்யம். செங்குத்து அச்சிலிருந்து முழு ஆரம் தள்ளி நிற்கிறது, எனவே கொசைன் 0° ஒன்று. கால் சுற்று முடிந்து உச்சிக்குப் போனால் உயரம் முழு ஆரம், சைன் 90° ஒன்று. சற்று முன் பதில் இல்லாமல் நின்ற கேள்வி இங்கே கேள்வியாகவே எழுவதில்லை. உச்சியைத் தாண்டியதும் புள்ளி இடப்பக்கம் போகிறது. வலப்பக்கத் தொலைவு மிகைக்குறி என்றால் இடப்பக்கத் தொலைவு குறைக்குறி. எண்கோடு தெரிந்த எவரும் ஒப்புக்கொள்ளும் செய்தி. 120°இன் கொசைன் ஏன் குறை எண் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

30°இல் கொஞ்சம் நின்று பார்க்கலாம். புள்ளி 30° ஏறியிருக்கிறது. அதிலிருந்து கிடை அச்சுக்கு ஒரு செங்குத்துக் கோடு இறக்கி, அதை அப்படியே கீழே நீட்டினால் வட்டத்தின் கீழ்ப்பாதியில் இன்னொரு புள்ளியைத் தொடும். மேலே 30°, கீழே 30°. இரண்டு புள்ளிகளையும் மையத்தோடு சேர்த்தால் நடுவில் 60°. இரண்டு பக்கங்கள் ஆரங்கள், நடுக்கோணம் 60° என்றால் அது சமபக்க முக்கோணம். ஆகவே அந்த நாணின் நீளமும் ஓர் ஆரம்தான். அதில் பாதி மேலே இருக்கிறது. எனவே சைன் 30° என்பது அரை. தாளில் அளந்தால் 5 செ.மீ. 45°இல் உயரமும் கிடைத்தொலைவும் ஒன்றே. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டினால் 1 வர வேண்டும். ஆகவே ஒவ்வொன்றும் 1/√2, அளவுகோலில் ஏறக்குறைய 7 செ.மீ. 1 மி.மீ. 60° என்பது 30°ஐத் திருப்பிப் போட்டது. அட்டவணை முடிந்தது. சைன் வர்க்கமும் கொசைன் வர்க்கமும் சேர்ந்து 1 என்ற முற்றொருமையைத் தனியாக நிறுவ வேண்டியதுகூட இல்லை. புள்ளி வட்டத்தின்மேல்தான் இருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. டேன்ஜென்ட்டுக்கு, புறப்பட்ட இடத்தில் வட்டத்தைத் தொட்டுக்கொண்டு செங்குத்தாக நிற்கும் தொடுகோட்டை வரைய வேண்டும். சுழலும் ஆரத்தை நீட்டினால் தொடுகோட்டை எந்த உயரத்தில் சந்திக்கிறதோ அது டேன்ஜென்ட். 45°இல் அது 10 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. 80°இல் ஏறக்குறைய 57 செ.மீ., தாளை விட்டு வெளியே போய்விட்டது. 89°இல் 573 செ.மீ., பெரும்பாலான வகுப்பறைகளின் கூரைக்கும் மேலே. 90°இல் ஆரமும் தொடுகோடும் இணையாகிவிடுவதால் சந்திப்பே இல்லை. ‘வரையறுக்கப்படவில்லை’ என்று அட்டவணையில் அச்சடித்திருப்பதன் காரணத்தை மாணவர் இங்கே கண்ணால் காண்கிறார்.

முக்கோணமே எளிது, ஆதியானது, வட்டம் பிற்பாடு வந்த உயர்நிலைச் சங்கதி என்று ஒரு நம்பிக்கை ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் இருக்கிறது. அதற்கு ஆதரவாக ஒரு நல்ல சான்றும் காட்டலாம். எகிப்தின் ரைண்ட் பாப்பிரஸ் மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கும் மேல் பழமையானது. பிரமிடின் சரிவு அதில் விகிதமாகவே கணக்கிடப்பட்டிருக்கிறது: ஒரு முழம் உயர்ந்தால் கிடையாக எவ்வளவு உள்வாங்க வேண்டும் என்ற கணக்கு. வட்டம் எதுவும் வராமல், முக்கோணத்தின் பக்கங்களை வைத்தே விகிதம் வந்துவிட்டது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் கோணம் எங்கே இருக்கிறது? இத்தனை பாகை சரிவு என்ற பேச்சே அதில் இல்லை. சரிவு சரிவாகவே இருந்தது, அதை ஒரு கோணத்தோடு யாரும் முடிச்சுப் போடவில்லை. பக்கங்களின் விகிதம் தெரிந்தால் கோணம் தெரியும், கோணம் தெரிந்தால் விகிதம் தெரியும் என்ற இருவழிப் போக்குவரத்து தொடங்கும்போதுதான் முக்கோணவியல் பிறக்கிறது. கோணத்தை எதைக் கொண்டு அளக்கிறோம்? பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் கோணமானியைப் பாருங்கள், அது அரைவட்டம். பாகை என்பது வட்டச் சுற்றளவின் 360இல் ஒரு பங்கு. மூன்று பக்கங்களையும் அளக்க அளவுகோல் போதும். கோணத்தை அளக்க வட்டம் இல்லாமல் ஆகாது. எதிர்ப்பக்கம் வகுத்தல் கர்ணம் என்ற வரையறையிலும், எந்தக் கோணத்துக்கு என்று சொல்லும் அந்த இடத்தில் வட்டம் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறது. வில்லின் வழியே எவ்வளவு, நேர்க்கோட்டின் வழியே எவ்வளவு என்று ஒரே வட்டத்தை இரண்டு விதமாக அளந்து, ஓர் அளவிலிருந்து இன்னொன்றைக் காண்பதுதான் இந்தக் கணக்கு முழுவதும்.

பழைய நூல்களில் இது ஒளிவுமறைவின்றித் தெரிகிறது. அலெக்சாந்திரியாவில் 2ஆம் நூற்றாண்டில் தாலமி எழுதிய அல்மகெஸ்ட் நூலில் 360 வரிகள் கொண்ட ஓர் அட்டவணை இருக்கிறது. விட்டம் 120 பாகம் என்று வைத்துக்கொண்டு, அரைப் பாகையிலிருந்து 180 பாகை வரை, அரை அரைப் பாகையாக, ஒவ்வொரு வில்லுக்கும் உரிய நாண் எவ்வளவு என்று அவர் தருகிறார். அதில் 60° வில்லுக்கு நாண் 60. நாம் இப்போது தாளில் பார்த்த அதே சமபக்க முக்கோணம். வானத்தில் கோள்கள் நகர்வதைக் கணக்கிட வேண்டியிருந்தது அவருக்கு. கோள் 90°ஐ எட்டியதும் நின்றுவிடாதே! குறுங்கோணத்தோடு முடியும் ஒரு கணிதம் அவருக்கு எந்த உதவியும் செய்திருக்காது.

பொ.ஆ. 499ஐ ஒட்டி ஆரியபடர் இயற்றிய ஆரியபடீயம் இன்னும் ஓரடி முன்னே போகிறது. முழு நாணுக்குப் பதிலாக அரை நாண்; இன்றைய சைன் அதுதான். கால்வட்டத்தை 24 சம பங்காக்கி, ஒவ்வொரு பங்குக்கும் அரை நாண் எவ்வளவு கூடுகிறது என்பதை ஒரே சுலோகத்துக்குள் அடக்கிவிடுகிறார். எண்கள் 225, 224, 222, 219, 215 என்று தொடங்கிப் படிப்படியாகக் குறைந்து 51, 37, 22, 7 என்று முடிகின்றன. 24ஐயும் கூட்டினால் 3438. அதுதான் அவர் எடுத்துக்கொண்ட ஆரம். முதல் எட்டைக் கூட்டினால் 1719, சரியாக அதில் பாதி. எட்டாவது பங்கு முடியும் இடம் 30°. ஏன் 3438 என்ற விநோதமான எண்? வட்டத்தின் சுற்றளவை அவர் கலைகளில், அதாவது பாகையின் 60இல் ஒரு பங்கான அளவில், 21,600 என்று கொள்கிறார். 20,000 விட்டத்துக்கு 62,832 சுற்றளவு என்பதும் அவர் தந்ததே. அந்தக் கணக்கில் 21,600 சுற்றளவுள்ள வட்டத்தின் ஆரம் 3438 கலையை ஒட்டி வருகிறது. வளைந்த வில்லையும் நேரான ஆரத்தையும் ஒரே அலகால் அளந்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். இன்று நாம் ரேடியன் என்று 11ஆம் வகுப்பில் அறிமுகப்படுத்தும் எண்ணத்தின் உயிர் இங்கே இருக்கிறது. 3438 கலை என்பது 57 பாகை 18 கலை. ஒரு ரேடியன் அவ்வளவுதான். இதன் பலன் அட்டவணையின் முதல் எண்ணிலேயே தெரிகிறது. முதல் பங்கு 3 பாகை 45 கலை, அதாவது 225 கலை நீளமுள்ள வில். அதற்கு அரை நாணும் 225. சிறிய வில்லுக்கு வில்லும் அரை நாணும் ஏறக்குறைய ஒன்றே என்ற, பின்னாளில் நுண்கணிதத்துக்கு அடித்தளமான உண்மை அது. இரண்டாவது பங்கில் வில் 450, அரை நாண் 449. மூன்றாவதில் 675க்கு 671. வில் வளைய வளைய நேர்க்கோடு பின்தங்குவதை ஒரு மாணவி இந்த எண்களிலேயே பின்தொடரலாம். கூடுதல்கள் குறையும் விதத்திலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது: 1, 2, 3, 4, 5 என்று அவை குறைகின்றன, அரை நாண் எவ்வளவு பெரிதோ ஏறக்குறைய அதே விகிதத்தில். நின்றுகொண்டிருக்கும் முக்கோணம் ஒன்றில் இந்த ஒழுங்கு தெரிய வாய்ப்பே இல்லை; வட்டத்தில் அடியடியாக நகர்ந்தவருக்குத்தான் தெரியும். 14ஆம் நூற்றாண்டில் கேரளத்தில் சங்கமகிராமத்து மாதவர் சைனுக்கு முடிவிலாத் தொடர் கண்டதும், வில்லை நுண்ணிய துண்டுகளாக்கும் இதே வழியில் தொடர்ந்து நடந்த மரபில்தான்.

செங்கோண முக்கோணத்தின் பக்கங்களைக் கொண்டே இந்த அளவுகளை வரையறுக்கும் முறை கோப்பர்நிக்கஸின் மாணவரான ரெட்டிகஸ் 1551இல் லைப்சிக்கில் வெளியிட்ட நூலில் வருகிறது. ஆரியபடருக்கு ஆயிரம் ஆண்டுக்குப் பின். ஆரத்தை 1 என்று கொண்டு, சைனை ஒரு குறிப்பிட்ட வட்டத்தின் கோட்டுத் துண்டாக அன்றி எண்ணாகவே, கோணத்தின் சார்பாகவே கையாளும் வழக்கத்தை 1748இல் ஆய்லர் நிலைநிறுத்தினார். ஒன்று முதலில் தோன்றியதாலேயே அதை முதலில் கற்பிக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ரோமானிய எண்கள் நம் எண்முறைக்கு முந்தியவை என்பதற்காக அவற்றில் கூட்டல் கற்றுத்தருவதில்லை. வரலாற்றின் வரிசை பாடத்தின் வரிசையாக இருக்க வேண்டும் என்பது என் வாதம் அன்று. இந்த அளவுகள் எந்தத் தேவைக்குப் பிறந்தன என்று வரலாறு காட்டுகிறது. அந்தத் தேவை, சுற்றி வரும் ஒன்றின் இருப்பிடத்தைச் சொல்வது. அது எல்லாக் கோணத்துக்கும் பொதுவானது. 90°க்குள் அடங்கும் வரையறை அதன் சுருக்கப் பதிப்பு. முழுமையை முதலில் பார்த்தவருக்குச் சுருக்கம் குழப்பாது. சுருக்கத்தை முழுமை என்று நம்பி இரண்டு ஆண்டு பழகியவருக்கு முழுமை வரும்போது அது வேறொரு பாடமாகத் தோன்றுகிறது.

நடைமுறை பேசுகிறவர்களின் மறுப்புதான் எல்லாவற்றிலும் வலுவானது. கோபுரத்தின் உயரம், ஆற்றின் அகலம், நில அளவை என்று முக்கோணவியலின் பயன் முழுவதும் முக்கோணத்தில்தானே இருக்கிறது, வட்டம் எதற்கு என்பார்கள். நம் ஊரிலேயே நடந்த ஒன்றை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். 1802இல் சென்னை பரங்கிமலையிலிருந்து ஏறக்குறைய ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து வில்லியம் லாம்ப்டன் தொடங்கிய நில அளவை, இந்தியாவின் மாபெரும் முக்கோணவியல் அளவையாக வளர்ந்தது. ஒரு பக்கத்தின் நீளத்தை மட்டும் தரையில் அளந்து, மற்ற எல்லாத் தூரங்களையும் கோணங்களிலிருந்து கணக்கிடுவது அதன் முறை. குன்றுகளும் கோவில் கோபுரங்களும் முனைகளாக அமையும் அந்த முக்கோணங்கள் செங்கோணமாக அமைய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பக்கங்கள் எதிர்க்கோணங்களின் சைனுக்கு விகிதமாக இருக்கும் என்ற சைன் விதிதான் அங்கே வேலை செய்கிறது. அந்த விதி எங்கிருந்து வருகிறது? எந்த முக்கோணத்தின் மூன்று முனைகள் வழியாகவும் ஒரு வட்டம் போகும். அந்த வட்டத்தின் விட்டம் 1 என்றால், மூன்று பக்கங்களும் எதிரே உள்ள கோணங்களின் சைன்களேதான். தாலமியின் நாண்கள் மூன்றைச் சேர்த்தால் ஒரு முக்கோணம் என்று அதைச் சொல்லலாம். ஒரே நாணை வட்டத்தின் ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் 30° என்றால் மறுபக்கத்திலிருந்து பார்த்தால் 150°. வட்ட நாற்கரத்தின் எதிர்க்கோணங்கள் சேர்ந்து 180° என்பது பள்ளிப் பாடம். நாண் ஒன்றே என்பதால் 150°இன் சைனும் 30°இன் சைனும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். விரிகோணத்துக்குச் சைனை நீட்டியது கணிதர்கள் தம் வசதிக்குப் போட்ட ஏற்பாடு என்று சொல்வோருக்கு இதுவே பதில். அங்கே வேறு மதிப்பை வைத்தால் விரிகோணம் உள்ள நிலத்தின் அளவு தப்பிப்போகும். கொசைனின் குறைக்குறியும் அப்படித்தான். 3 செ.மீ., 5 செ.மீ. பக்கங்களுக்கு நடுவே 120° வைத்து மூன்றாம் பக்கத்தை அளந்து பாருங்கள், 7 செ.மீ. வரும். 9ஐயும் 25ஐயும் கூட்டி, 30 பெருக்கல் கொசைன் 120°ஐக் கழித்தால் 49 வர வேண்டும். கொசைன் 120° குறை அரையாக இருந்தால்தான் வரும். அளவுகோல் தரும் தீர்ப்பு அது.

லாம்ப்டனின் அளவையில் இன்னொரு நிகழ்ச்சி என் வாதத்துக்கு நேரடியாகவே பேசுகிறது. கோணம் அளக்க அவரிடம் இருந்த பெரிய தியோடலைட் கருவி ஏறக்குறைய அரை டன் எடை. அதன் இதயம் 36 அங்குலக் குறுக்களவுள்ள, பாகைகள் பொறிக்கப்பட்ட ஒரு கிடைவட்டம். 1808இல் தஞ்சைப் பெரிய கோவிலின் உயரத்துக்கு அதை ஏற்றும்போது, இழுத்துப் பிடித்திருந்த கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது. வட்டம் நெளிந்துவிட்டது, அதுதான் பிரச்சினை. வட்டம் வட்டமாக இல்லையென்றால் கோணம் இல்லை. கோணம் இல்லையென்றால் ஒரு முக்கோணத்தையும் தீர்க்க முடியாது. லாம்ப்டன் ஒரு பெரிய பலகையில் சரியான அளவுக்கு வட்டம் வெட்டி, நெளிந்த விளிம்பை ஆப்புகளும் திருகுகளும் கப்பிகளும் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து அந்த வட்டத்தோடு பொருந்தச் செய்தார். வளைந்துபோன ஆரக்கம்பிகளை மரச்சுத்தியால் தட்டி நிமிர்த்தினார்கள். ஆறு வாரம் ஆயிற்று. தமிழ்நாட்டில் முக்கோணம் முக்கோணமாக நிலத்தை அளந்துகொண்டு போன ஒரு பெரும்பணிக்கு உயிர்நாடி எது என்பதை அந்த ஆறு வார உழைப்பு காட்டுகிறது.

கணிதக் கல்வியில் அக்கறை உள்ளவர்கள் எழுப்பும் மறுப்பு ஒன்று உண்டு. அதில் பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஓரலகு வட்டத்தில் சைன் ஒரு நீளமாகத் தெரிகிறது. அது விகிதம் என்பதை மாணவர் மறந்துபோவார். பெரிய முக்கோணமானாலும் சிறிய முக்கோணமானாலும் வடிவம் ஒத்திருந்தால் விகிதம் மாறாது என்ற அழகான கருத்து விட்டுப்போகும் என்கிறார்கள். ஒரே ஒரு வட்டத்தை வரைந்துவிட்டு நிறுத்தினால் இந்த ஆபத்து நிச்சயம் இருக்கிறது. அதனால் ஒரே மையத்தில் 5 செ.மீ., 10 செ.மீ. ஆரங்களில் இரண்டு வட்டங்களை வரைய வேண்டும். 30° கோடு இரண்டையும் வெட்டும் இடங்களில் உயரம் 2.5, 5. ஆரத்தால் வகுத்தால் இரண்டிலும் அரை. தாலமிக்கு ஆரம் 60, ஆரியபடருக்கு 3438, நமக்கு 1; எண்கள் மாறுகின்றன, விகிதம் மாறுவதில்லை. ஆரத்தை 1 என்று வைப்பது வகுத்தலை முன்கூட்டியே செய்துவிடுவதுதான். வடிவொத்த முக்கோணங்கள் என்ற கருத்து இந்தப் பாடத்துக்குத் தேவையில்லை என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. எண்ணற்ற வடிவொத்த முக்கோணங்களில் கர்ணம் 1 ஆக உள்ளதை எடுத்து வட்டத்துக்குள் வைத்திருக்கிறோம். அதை வாய்விட்டுச் சொல்வது ஆசிரியரின் கடமை.

முக்கோணத்தால் எட்டவே முடியாத பக்கமும் இருக்கிறது. நம் வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகளை முடிக்கிறது. அனல்மின் நிலையங்களின் சுழலி நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றி அதை உண்டாக்குகிறது. அதாவது ஒரு நொடியில் 18,000 பாகை. 230 வோல்ட் என்று நாம் சொல்லும் மின்னழுத்தம் உண்மையில் ஏறக்குறைய 325க்கு ஏறி, பூஜ்யத்துக்கு இறங்கி, குறை 325க்குப் போய்த் திரும்புகிறது. 325ஐச் சைனால் பெருக்கினால் எந்தக் கணத்திலும் அழுத்தம் எவ்வளவு என்று வந்துவிடும். இங்கே கோணம் என்பது காலம். 18,000 பாகை உள்ள முக்கோணம் எதுவும் இல்லை. வட்டத்தில் அது 50 சுற்று.

கடைசியாகப் பிள்ளைகளின் வயதைக் காட்டிச் சொல்லும் மறுப்பு. 14 வயதுக் குழந்தைக்கு அச்சு, ஆயத்தொலைவு, குறைக்குறி எல்லாம் ஒரே மூச்சில் தாங்குமா என்கிறார்கள். நம் 9ஆம் வகுப்புப் புத்தகத்தில் ஆயத்தொலை வடிவியலும் முக்கோணவியலும் அடுத்தடுத்த பாடங்கள். ஒரு புள்ளி செங்குத்து அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி, கிடை அச்சிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று எழுதப் பழகி முடித்த கையோடு அடுத்த பாடத்துக்கு வருகிறார்கள். வந்ததும் அச்சுகளை அழித்துவிட்டு, சுவரில் சாய்த்த ஏணியைக் காட்டுகிறோம். முந்தைய வாரம் படித்ததையே பயன்படுத்தும் வாய்ப்பு கைக்கு எட்டியும் தவறிப்போகிறது. பொதுத்தேர்வில் கேட்பது உயரங்களும் தொலைவுகளும்தானே என்றால், அந்தக் கணக்குகளை வட்டம் பார்த்த மாணவி இன்னும் சுருக்கமாகச் செய்வாள். 30° ஏற்றக்கோணத்தில் 80 மீட்டர் நீளக் கயிற்றில் விறைப்பாக நிற்கும் பட்டத்தின் உயரம் கேட்டால், ஓரலகு வட்டத்தை 80 மடங்கு பெரிதாக்கு, உயரம் 80இல் பாதி என்று மனத்திலேயே 40 மீட்டர் சொல்லிவிடலாம். ஒரு பாடவேளை, ஆளுக்கு ஒரு வரைபடத்தாள், கவராயம், கோணமானி. பத்துப் பத்துப் பாகையாக 0 முதல் 360 வரை புள்ளி வைத்து, ஒவ்வொன்றின் உயரத்தையும் கிடைத்தொலைவையும் அவர்களே அளந்து எழுதட்டும். இரண்டாம் தசமம் வரை சரியாக வரும் அட்டவணை அவர்கள் கையாலேயே உருவாகும். அதற்குப் பிறகு செங்கோண முக்கோணம் வரட்டும், ஏணியும் கோபுரமும் வரட்டும். அடுத்த முறை பாடநூல் திருத்தப்படும்போது, ஆயத்தொலை வடிவியலுக்கும் முக்கோணவியலுக்கும் நடுவே இதற்கு நான்கு பக்கம் ஒதுக்கினால் போதும்.